ஜமீலாவின் முத்திரை

“இரும்பு உருக்கறது நான். கடையறது நான். கை கருப்பாகறது எனக்கு. ஆனா நீங்க தலையாட்டலைன்னா என் பெட்டி நகராதுங்களா, டீச்சர்?”

குப்புராஜ் நின்றுகொண்டே கேட்டார். வயது அறுபது. கோவை கணபதியில் இரும்பு வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறார்.

எதிரே ஜமீலா. அவரைவிட இருபது வயது இளையவர். வார்ப்புகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் கூடம் நடத்துகிறார். ஞாயிறுதோறும் பட்டறைக்காரர்களுக்கு உலோகப் பாடம் எடுப்பதால் எல்லோருக்கும் டீச்சர்.

“நான் மட்டுமா?”

“அதைத்தானுங்க சொல்றேன். வரைபடம் போடறவன் ஒருத்தன், கப்பல்ல இடம் பிடிக்கறவன் ஒருத்தன், இன்சூரன்ஸ்காரன் ஒருத்தன். அத்தனை பேருக்கும் காத்திருந்தாச்சு. இப்ப நீங்க சோதிக்க மூணு நாள் கேக்கறீங்க. வெள்ளிக்கிழமை கப்பல் போயிரும். போச்சுன்னா ஆர்டர் வேற நாட்டுக்கு. என்னை நம்பி நாப்பது குடும்பம் இருக்குது.”



குப்புராஜ் பையிலிருந்து பிரேக் பாகம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கப்பலேற வேண்டிய ஆயிரத்து அறுநூறில் ஒன்று. சின்னச் சுத்தியலால் தட்டினார்.

கணீரென்றது.

“உள்ள காத்துக் குமிழி இருந்தா இப்படிப் பாடுமா? எங்கப்பா காலத்துல இதானுங்க சோதனை.”

“எனக்குக் கேட்டது.”

“அப்புறமென்ன?”

“இது எங்கே போகுது?”

“போலந்துல பிரேக்கோட சேப்பாங்க. அங்கிருந்து எந்த நாட்டு வண்டிக்கோ.”

“அந்த வண்டியில உக்கார்றவங்களுக்குக் கேட்குமா?”

குப்புராஜ் சுத்தியலைப் பைக்குள் வைத்தார்.

“சோதிக்காம முத்திரை குத்திக் குடுத்துருங்க டீச்சர். இந்த ஒரு தடவை.”

ஜமீலா இழுப்பறையைத் திறந்தார். முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தார். சான்றிதழை அவர் பக்கம் திருப்பினார். ‘உள்ளே குறை ஏதுமில்லை’ என்று அச்சடித்திருந்தது.

“நீங்களே குத்துங்க.”

“நானா?”

“உங்க இரும்பு. உங்க காது.”

குப்புராஜ் முத்திரையை மையில் அழுத்தினார். காகிதத்துக்கு மேலே கொண்டுவந்தார்.

மனக்கண்ணில், பெயர் தெரியாத ஊரில் ஓர் இறக்கம். ஈரச் சாலை. பின்னிருக்கையில் யாரோ தூங்குகிறார்கள்.

கை அங்கேயே நின்றது.

“இறங்க மாட்டேங்குதுங்க டீச்சர்.”

“பயமா இருக்குதா?”

“ரொம்ப.”

“எனக்கு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் இருக்கும்.”

குப்புராஜ் முத்திரையை மெல்லக் கீழே வைத்தார். போனை எடுத்து, கப்பலில் இடம் பிடித்துத் தந்தவரை அழைத்தார்.

“வெள்ளிக்கிழமைக் கப்பல்ல என் இடத்தை விட்டுருங்க.”