எலக்ட்ரான் எந்தத் தெரு?

இரட்டைத்தெரு என்றொரு ஊர் இருந்தது. பேருக்கு ஏற்ற மாதிரி அங்கே இரண்டே தெருக்கள். துகள் தெருவில் மணலும் கடுகும் கோலிக்குண்டும் குடியிருந்தார்கள். அலைத் தெருவில் ஓசையும் குளத்து அலைகளும் ஒளியம்மாளும் இருந்தார்கள். ஒரு தெருக்காரர் இன்னொரு தெருவில் செருப்புப் போட்டு நடக்கமாட்டார். பெண் கொடுப்பது, எடுப்பது என்ற பேச்சே கிடையாது.

ஒரு கோடையில் ஊரில் புழுக்கம் தாங்கவில்லை. ஊர் மண்டபத்து உத்தரத்தில் ஒரு மின்விசிறி தொங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லாமல் சும்மா தொங்கி, இறக்கையெல்லாம் ஒட்டடை. அதை இறக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. பயந்துபோன மின்விசிறி, வெளியூருக்குச் சொல்லியனுப்பி எலக்ட்ரானை வரவழைத்தது.

எலக்ட்ரான் தன் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினாள். ரொம்பச் சின்னப் பெண். ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. மண்டபத்து மூலையில் கிடந்த ஒரு உலோகத் தகட்டை அவளுக்கு வீடாக ஒதுக்கிக் கொடுத்தது மின்விசிறி.

"நீ சுத்த ஆரம்பிச்சா நானும் சுத்த ஆரம்பிச்சிருவேன் தாயி. ஊர்க்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிக்கலாம்" என்றது.

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது.

துகள் தெருவின் பெரியதனக்காரர் கோலிக்குண்டு உருண்டு வந்து சேர்ந்தார். அலைத் தெருவில் ஒளியம்மாள் சொன்னதுதான் சட்டம். அவளும் தன் பிள்ளைகளோடு வந்தாள். மூத்தவன் சிவப்பன், நல்ல வாட்டசாட்டம். இளையவள் ஊதா, ஊதினால் பறந்துவிடுவாள் போலிருப்பாள்.

"காத்து வர்றது இருக்கட்டும். நீ எந்தத் தெரு?" என்று கேட்டார் கோலிக்குண்டு.

"நான் எலக்ட்ரானுங்க."

"பேரைக் கேக்கல. தெருவைக் கேட்டேன்."

எலக்ட்ரான் விழித்தாள். "உங்க ரெண்டு தெருவுமே எனக்குப் புதுசுங்க."

வாயால் கேட்டால் சொல்லமாட்டாள், நடக்கவிட்டுப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. மண்டபத்துக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசல்கள். உள்ளே எதிரே ஒரு வெள்ளைச் சுவர். எலக்ட்ரானும் அவள் சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராக வாசல் வழியே போய்ச் சுவரைத் தொட வேண்டும்.

போனார்கள். எல்லாரும் போய் முடித்ததும் சுவரைப் பார்த்தால் கோலப்பொடி வைத்துக் கோடு இழுத்தது போல வரிவரியாக இருந்தது. ஒரு வரியில் கூட்டம், அடுத்த வரியில் ஈ காக்கை இல்லை.

"பாத்தீங்களா!" என்று துள்ளினார் கோலிக்குண்டு. "ஒருத்தியே ரெண்டு வாசல்லயும் பூந்து வந்தாத்தான் இப்படி வரி விழும். குளத்து அலை பண்ற வேலை இது. இவ அலைத் தெரு. எங்களுக்கு வேண்டாம்."

ஒளியம்மாள் சுவருக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாள். "கிட்ட வந்து பாருங்க. ஒவ்வொருத்தியும் ஒரு புள்ளியாத்தான் ஒட்டியிருக்கா. அலை எங்கயாவது புள்ளி வைக்குமா? இவ உங்க ஆளு. கூட்டிட்டுப் போங்க."

அவர் வேண்டாம் என்கிறார், இவளும் வேண்டாம் என்கிறாள். நடுவில் எலக்ட்ரான் நின்றாள்.

கடைசியில் காவலுக்குக் கணக்குக் கருவியைக் கூப்பிட்டார்கள். வாசலில் உட்கார்ந்து, யார் எந்த வழியாகப் போகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. அது இரண்டு வாசலுக்கும் நடுவில் உட்கார்ந்தது. எலக்ட்ரான்கள் மறுபடியும் போனார்கள். இந்தத் தடவை ஒவ்வொருத்தியும் ஏதாவது ஒரு வாசல் வழியாகத்தான் போனாள். சுவரில் வரியைக் காணோம். வாசலுக்கு நேரே ஒன்று, அடுத்த வாசலுக்கு நேரே ஒன்று என்று இரண்டு குவியல்தான்.

கூட்டம் முணுமுணுத்தது. கருவியை எழுப்பிவிட்டுப் பார்த்தார்கள். வரி வந்தது. உட்காரவைத்தார்கள். வரி போனது.

"ஆள் பார்த்தா ஒரு மாதிரி, பார்க்காட்டி ஒரு மாதிரி! இப்படிப்பட்ட பொண்ணை ஊருக்குள்ள வைக்கலாமா?" என்றார் கோலிக்குண்டு.

ஊர் முழுக்க ஒரே குரலில் "கூடாது, கூடாது" என்றது. வாழ்நாளில் முதல் தடவையாக இரண்டு தெருக்களும் ஒத்துப்போயின.

எலக்ட்ரானுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரு சும்மா பாக்கலைங்க. என்மேல கை வைக்காம அவரால பாக்க முடியாது. வாசல்ல ஒருத்தர் தொட்டுத் தொட்டுப் பாத்தா யாருதான் பழைய மாதிரி நடப்பாங்க? அவரை யாரும் ஒண்ணும் கேக்கலையே!"

கணக்குக் கருவி தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. ஆனால் தீர்ப்பு மாறவில்லை. எலக்ட்ரானைத் தகட்டு வீட்டிலிருந்து வெளியேற்ற வேண்டும். அந்தப் பொறுப்பை ஒளியம்மாள் தன் குடும்பத்துக்கே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதலில் சிவப்பன் போனான். தகட்டின்மேல் ஓங்கி விழுந்தான். எலக்ட்ரான் அசையவில்லை. தன் பங்காளிகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து கூட்டமாக விழுந்தான். தகடு சிவந்ததே தவிர ஒருத்திகூட வெளியே வரவில்லை.

"நாள் முழுக்க அடிச்சா தானா வருவா. அலைன்னா அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமா சேரும்" என்றாள் ஒளியம்மாள்.

நாள் முழுக்க அடித்தார்கள். ஒன்றும் சேரவில்லை. சிவப்பனுக்கு மூச்சு வாங்கியது.

"ஊதா, நீ போ" என்றாள் தாய்.

"எனக்கு மனசில்லம்மா."

"போடின்னா போ."

ஊதா தயங்கித் தயங்கிப் போய்த் தகட்டை மெல்லத் தொட்டாள். தொட்ட மாத்திரத்தில் எலக்ட்ரான் துள்ளி வெளியே வந்து விழுந்தாள்.

ஊர் கைதட்டியது. கோலிக்குண்டு மட்டும் தட்டவில்லை. ஒரு கோலி இன்னொரு கோலியை அடித்துத் தெறிக்கவிடுவதில் ஊறிப்போனவர் அவர்.

"இருங்க இருங்க" என்றார். "அத்தனை பேர் சேர்ந்து விழுந்தும் நடக்காதது, ஒரு தட்டுல நடந்திருக்கு. ஒரு அடி, ஒரு ஆள் வெளியே. இது அலை அடிக்கிற அடி இல்ல. எங்க தெரு அடி. ஒளியம்மா, உங்க பொண்ணு எங்க ஆளு!"

"நாக்கை அடக்கிப் பேசுங்க!" என்று சீறினாள் ஒளியம்மாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

ஆனால் அவள் சொந்தத் தெருக்காரர்களே கணக்குக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒளியம்மாளை மங்கி மங்கி நிற்கச் சொல்லி அதன் முன்னால் நிறுத்தினார்கள். டிக் என்றது கருவி. சற்றுப் பொறுத்து மறுபடி டிக். ஒளியம்மாள் மணி மணியாக உதிர்ந்துகொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா எங்களை ஏமாத்தியிருக்கே" என்றது ஓசை. நேற்றுவரை அவள் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத ஓசை.

ஒளியம்மாள் கோலிக்குண்டைப் பார்த்தாள். "நீங்கதான எங்க ஆளுன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றார் அவர். "ஆனா முன்னால நீங்களும் அந்த ரெண்டு வாசல்ல பூந்து சுவத்துல வரி போட்டதைப் பாத்திருக்கோமே. எங்க தெருவுல ஒத்துக்கமாட்டாங்க."

ஊதா அழுதுகொண்டே எலக்ட்ரானிடம் போனாள். "என்னை மன்னிச்சிரு அக்கா."

"அழாதே. உனக்கு மனசில்லன்னு எனக்குக் கேட்டுச்சு" என்று எலக்ட்ரான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தயங்கி நின்ற ஒளியம்மாளிடம், "வாங்கம்மா, போலாம். எங்க ஊர்ல தெருவே கிடையாது" என்றாள்.

ஒளியம்மாள் தலையைக் குனிந்தபடி அவள் பின்னால் நடந்தாள். சிவப்பன் கடைசியாகப் போனான்.

அவர்கள் எல்லையைத் தாண்டியதும் ஊர் இருண்டுவிட்டது. உச்சிவேளையில் கும்மிருட்டு. புழுக்கம் மட்டும் போகவில்லை. ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். யார் காலை யார் மிதித்தார்கள் என்று சண்டை கிளம்பியது. அந்த நெரிசலில் கோலிக்குண்டு உருண்டு உருண்டு எங்கேயோ போய்ச் சேர்ந்தார். சுற்றி நிற்பது தன் ஆட்களா, எதிர்த் தெரு ஆட்களா என்று தெரியவில்லை.

ஒரு முரட்டுக் கை அவரை அமுக்கிப் பிடித்தது.

"யாருய்யா அது? எந்தத் தெரு?"

கோலிக்குண்டு சொன்னார்:

"நான் இந்த ஊரே இல்லீங்க."