அண்ணனுக்கு எதிரான சாட்சி

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள். நபிகளாரைக் கண்ணால் கண்டவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருந்த காலம் அது. அரபு நாட்டு மணற்காட்டின் நடுவே ஒரு சின்னப் பள்ளத்தாக்கு. நூறு பேரீச்ச மரம், ஓலை வேய்ந்த ஒரு பள்ளிவாசல், மழைநீரைத் தேக்கும் ஒரு கல்தொட்டி. அவ்வளவுதான் ஊர்.

அங்கே உனைஸ் என்றொரு ஒட்டகக்காரன் இருந்தான். தாயும் தகப்பனும் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அண்ணன் நவ்ஃபல். ஊருக்குத் தலைவரும் அவரே.

ஒரு வருடம் மழை பொய்த்தது. தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர்தான் மிச்சம். ஒரு காலை விடிந்து பார்த்தால் தொட்டியின் ஒரு பக்கம் உடைந்து, தண்ணீரெல்லாம் மணலுக்குள் போயிருந்தது.

தொட்டிக்குக் காவல் யஸார். கடலுக்கு அப்பால், ஆப்பிரிக்காவின் ஹபஷா நாட்டில் பிறந்து, அடிமையாக வந்து, விடுதலை பெற்றவர். அவருக்கென்று அந்த மண்ணில் ஒரு சொந்தமும் கிடையாது. "அவன்தான் உடைத்தான்" என்றார் நவ்ஃபல். அவருடைய ஆட்கள் மூன்று பேர், "ஆமாம், பார்த்தோம்" என்றார்கள். விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல நகரத்திலிருந்து நீதிபதியான காழி வருகிறார் என்று செய்தி வந்தது. குற்றம் உறுதியானால் யஸாரை ஊரைவிட்டே துரத்திவிடுவார்கள்.

ஆனால் நடந்ததை உனைஸ் பார்த்திருந்தான். விடியற்காலை சுப்ஹு தொழுகையைத் தொழுதுவிட்டு, வழிதவறிய ஒட்டகத்தைத் தேடிப் போனபோது, அண்ணன் தன் மரங்களுக்கு வாய்க்கால் திருப்பத் தொட்டியின் கல்லைக் கடப்பாரையால் நெம்புவதைப் பார்த்தான். கல் ஒன்று சரிய, சுவரே சரிந்தது. திரும்பிய அண்ணன் தம்பியைக் கண்டுவிட்டார்.

காழி வருவதற்குள் மூன்று பேர் அவனிடம் வந்தார்கள்.

முதலில் அண்ணன் வந்தார். "பேசு என்று உன்னை யாரும் கேட்கவில்லை. பேசாமல் இரு. அதுபோதும் எனக்கு" என்றார்.

பிறகு அண்ணி வந்தாள். இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டி வந்தாள். "இவர்கள் முகத்தைப் பார்த்துக்கொள் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாவதாக வந்தவர் யஸார். "நான் தொழுதுவிட்டுத் திரும்பும்போது நீ தொட்டிப் பக்கமிருந்து வந்தாய். நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். விட்டுவிடு. எனக்கு யாரும் இல்லை, எங்கே போனாலும் ஒன்றுதான். உனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை இழந்துவிடாதே" என்றார்.

அன்று முழுவதும் உனைஸ் சாப்பிடவில்லை. உங்கள் தாய் தகப்பனுக்கே பாதகமானாலும் அல்லாஹ்வுக்காக நீதியான சாட்சி சொல்லுங்கள் என்ற இறைமறையின் கட்டளையை அவன் எத்தனையோ முறை ஓதியிருக்கிறான். அது தன் வாசலுக்கே வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை.

காழி வந்தார். "வேறு யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டார். உனைஸ் எழுந்தான். "நான் பார்த்தேன். என் அண்ணன்தான் உடைத்தார்" என்றான்.

நவ்ஃபல் மறுக்கவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை போயிற்று. தொட்டியைத் தன் கையாலேயே கட்டித் தரவேண்டும் என்று தீர்ப்பானது.

யஸார் தப்பினார். ஆனாலும் அந்த ஊரில் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த வணிகக் கூட்டத்தோடு நகரத்துக்குப் போய்விட்டார். யாருக்காகச் சாட்சி சொன்னானோ, அவரும் உனைஸுக்கு இல்லாமல் போனார்.

அதன்பின் ஆறு வருடம். அண்ணனையே காட்டிக்கொடுத்தவன் என்று உனைஸோடு யாரும் சாப்பிடவில்லை. பேசி வைத்த பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது பிரசவத்தில் அண்ணி இறந்தபோது, உடலை வைத்த சந்தூக்கைச் சுமக்க அவன் நீட்டிய தோளை விலக்கிவிட்டார்கள்.

பள்ளிவாசலில் எப்போதும் வரிசையின் வலது ஓரத்தில் போய் நிற்பான். ஏன் தெரியுமா? தொழுகை முடியும்போது எல்லோரும் வலப்பக்கம் முகம் திருப்பி சலாம் சொல்வார்கள் அல்லவா? அந்த ஒரு கணம் ஊர் முழுவதும் அவன் பக்கம் திரும்பும். ஒரு நாளில் மனிதர்களிடமிருந்து அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பிறகு எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். அவன் அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

"யா அல்லாஹ், நான் சொன்னது சரிதான். ஆனால் மிகவும் தனியாக இருக்கிறேன்" என்பான். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஏழாம் வருடம் நவ்ஃபலுக்குக் காய்ச்சல் கண்டது. இனிப் பிழைப்பது கடினம் என்று தெரிந்ததும் ஊர்ப் பெரியவர்களை அழைத்தார். அன்று அவருக்காகச் சாட்சி சொன்ன மூன்று பேரும் கட்டிலருகே நின்றார்கள். "உங்கள் பெண்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள்.

"உனைஸைக் கூப்பிடுங்கள்" என்றார் நவ்ஃபல்.

உனைஸ் வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வரலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"வா, பக்கத்தில் உட்கார்" என்றார் அண்ணன். பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "இவர்கள் எனக்காகப் பொய் சொன்னார்கள். நாளைக்குத் தங்களுக்காகவும் சொல்வார்கள். இவன் எனக்காகக்கூடப் பொய் சொல்லாதவன். என் மூன்று பெண்களும், அவர்களுக்குள்ள மரங்களும் ஒட்டகங்களும் இவன் பொறுப்பு."

உனைஸ் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான். சூடாக இருந்தது. "அன்றைக்கு உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன்" என்றான்.

"குனிய வைத்தது நான் செய்த காரியம். ஆறு வருடமாக எனக்கு அது தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை" என்றார் நவ்ஃபல்.

மறுநாள் அவர் மௌத்தானார். ஊரில் சிலர் உனைஸோடு பேசத் தொடங்கினார்கள். சிலர் கடைசிவரை பேசவில்லை.

அடக்கம் முடிந்து மூன்று பெண்களும் அவன் கூடாரத்துக்கு வந்தார்கள். கடைசிப் பெண் ஹுமைனா அவனைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. "நீங்கள் யார்?" என்று கேட்டாள்.

"உன் வாப்பாவின் தம்பி. உனக்குச் சாச்சா" என்றான்.

அன்று அவன் நாலு பேருக்குக் கஞ்சி காய்ச்சினான். ஒருவனுக்கே காய்ச்சிப் பழகிய கை, உப்பு கூடிப்போயிற்று. பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள். அவன் குடிக்கவில்லை. அவர்கள் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே பிள்ளைகளே, உறவுக்காகவும் பொய்ச்சாட்சி சொல்லாதவன் ஊரில் தனித்து நிற்க நேர்ந்தாலும், அல்லாஹ்விடத்திலும் மனிதர் மனசாட்சியிலும் நம்பிக்கைக்கு உரியவன் அவன்தான்.