காது கொடுத்தால் நிற்கும் சீழ்க்கை

திருச்செங்கோட்டுக்கு வெளியே, போர்வெல் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை ஒன்றில் அர்த்தநாரி என்பவர் மாஸ்டராக இருந்தார். அதிகம் பேச மாட்டார். கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைவிடக் கையால் செய்து காட்டுவது அவர் வழக்கம்.

அவரிடம் மாதேஷ் தொழில் கற்க வந்தான். ஐ.டி.ஐ. முடித்தவன். மற்ற பையன்கள் ஸ்பிரே கன்னைப் பிடித்தால் பெயிண்ட் இரும்பின் மேல் மோதும். இவன் பிடித்தால் பனி மாதிரி இறங்கிப் படியும். ஓரிடத்திலும் வழியாது. மழைக்காலம் முடிவதற்குள் லாரியின் முகப்பை அவன் கையில் விட்டார் மாஸ்டர். அதுவரை அவர் யாரையும் முகப்பைத் தொட விட்டதில்லை.

தூசி படக்கூடாது என்று நாலு பக்கமும் தார்ப்பாய் இறக்கிய கொட்டகை அது. பெயிண்டை இறுக்கும் ஹார்டனர் என்ற ரசாயனத்தைக் கலந்து அடிப்பார்கள். அப்போதுதான் கண்ணாடி போலப் பளபளப்பு வரும். அடித்து ஓய்ந்த பிறகும் நிறம் காற்றிலேயே நின்றுகொண்டிருக்கும். நீல வண்டி என்றால் பையன்கள் நீல இமைகளோடு வெளியே வருவார்கள். மூக்கில் கட்டிய கைக்குட்டையும் உள்பக்கம் நீலமாகத்தான் இருக்கும்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. கம்ப்ரசர் முக்கி முனகி நின்றது. கொட்டகைக்குள் மாதேஷ் மட்டும் இருந்தான்.

யாரோ சீழ்க்கை அடித்தார்கள்.

பாட்டு இல்லை. ராகமும் இல்லை. பல்லிடுக்கில் காற்றை விடுவது போல ஒரு மெல்லிய இழுப்பு. இழுத்து நின்றது. மறுபடி இழுத்தது.

"யாருங்க?" என்றான்.

நன்றாகக் கேட்க வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தான். சத்தம் நின்றுவிட்டது. போய்விட்டது என்று மூச்சை விட்டான். உடனே தொடங்கியது.

காற்றுக் குழாயில் ஒழுகல் இருக்கும் என்று நினைத்தான். கரண்ட் வந்ததும் சோப்பு நீரைத் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவினான். எங்கும் ஒரு குமிழிகூட வரவில்லை.

எமரி பேப்பரால் இரும்பைத் தேய்க்கும் குப்பண்ணனிடம் சொன்னான். அவர் கையை நிறுத்தவில்லை.

"அது வையாபுரிடா. உனக்கு முன்னாடி இங்க கன் பிடிச்சவன். எந்நேரமும் சீழ்க்கை அடிச்சுக்கிட்டேதான் வேலை செய்வான். அவன் போயிட்டான். சத்தம் மட்டும் போகலையாட்ட இருக்குது."

மாதேஷ் அதன் பிறகு தனியாகக் கொட்டகைக்குள் நிற்பதைத் தவிர்த்தான். பயனில்லை. மற்றவர்கள் இருந்தாலும் கம்ப்ரசர் ஓய்ந்தால் அது கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் கேட்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அவனுக்காகக் காத்திருந்தது போல வந்தது.

பிறகு அது அவனோடு பஸ் ஏறியது.

ஒரு நாள் பொழுது சாயும் வேளையில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரசம் ஊற்ற வந்த அம்மா கரண்டியோடு நின்றாள்.

"என்ன சத்தம்டா அது?"

"உனக்கும் கேக்குதா?"

"எலிக்குஞ்சாட்ட இருக்குது." குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அரிசி மூட்டையை நகர்த்திப் பார்த்தாள். "இங்கதான் எங்கியோ கிடக்குது" என்றாள்.

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பட்டறையில் இருந்ததை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம் என்று நினைத்தான்.

அந்த நாட்களில் வண்டி மேல் ஏறினால் நெஞ்சைச் சுற்றிக் கயிறு இறுகுவது போல இருந்தது. இருமலும் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முகப்பை வேறொருவன் கையில் விட்டுவிடுவார்கள்.

மறுநாள் காலை மாஸ்டர் முன்னால் போய் நின்றான்.

"மாஸ்டர், இந்தக் கொட்டகையில நம்மளத் தவிர யாருங்க இருக்காங்க?"

மாஸ்டர் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தார். குச்சியை எடுத்து டப்பாவின் விளிம்பில் வைத்தார்.

"எப்பக் கேக்குது?"

"கம்ப்ரசர் நின்னாக் கேக்குதுங்க."

"காது கொடுத்தா?"

"நின்னுடுதுங்க. நாம கேக்கறது அதுக்குத் தெரியுதுங்க."

"ஞாயித்துக்கிழமை?"

"வர்றதில்லீங்க."

மாஸ்டர் டப்பாவை மூடினார். "சாயங்காலம் வேலை முடிஞ்சதும் இங்கியே நில்லு" என்றார்.

சாயங்காலம் கம்ப்ரசரை அணைத்தார். மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். சுவரில் தொங்கிய பழைய ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டினார்.

"கண்ணை மூடு."

மூடினான். குழாயின் ஒரு முனை அவன் காதில் வந்து பொருந்தியது.

"மூச்சை அடக்காத. சும்மா விடு. என்ன கேக்குது?"

இவ்வளவு கிட்டத்தில் அதை அவன் கேட்டதில்லை. சீழ்க்கை ஒன்றல்ல. ஒன்றுக்குள் ஒன்றாகப் பல. குகைக்குள் குஞ்சுகள் கத்துவது போல.

"அதேதாங்க மாஸ்டர்! அங்கதான் இருக்குது! எங்க வெச்சிருக்கீங்க குழாயை?"

"கண்ணைத் திற."

திறந்தான். குழாயின் மறுமுனை அவனுடைய நெஞ்சின் மேல் இருந்தது.

மாஸ்டர் குழாயைச் சுருட்டி ஓரத்தில் வைத்தார். "நாளைக்கு ஒருத்தரைப் பாக்கப் போறோம்" என்றார்.

மறுநாள் வேலை நடுவிலேயே கிளம்பினார்கள். மாஸ்டர் வேட்டி சட்டை மாற்றிக்கொண்டார். மாதேஷ் போட்டிருந்த சட்டையோடு ஏறினான். ராசிபுரம் போகும் வழியில் ஒரு காலனி வீட்டு முன் மாஸ்டர் பைக்கை நிறுத்தினார். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கதவு மட்டும் திறந்திருந்தது.

உள்ளே ஒருவர் முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. தோள்கள் இரண்டும் காதருகே ஏறி நின்றன.

"வையாபுரி" என்றார் மாஸ்டர் வாசலில் நின்றபடியே.

அந்தப் பெயரைக் கேட்டதும் மாதேஷ் தன்னை மறந்தான். செத்துப்போனவன் என்று நினைத்த ஆள். விடுவிடுவென்று உள்ளே போனான்.

"டேய், உள்ள போகாத!"

மாஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் அவன் கட்டிலருகே போய்விட்டான். வையாபுரியின் கண்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தன. சட்டையெல்லாம் நேற்றைய நீலம்.

சீழ்க்கை தொடங்கியது.

இந்த முறை மாதேஷிடமிருந்து அல்ல. கட்டிலிலிருந்து. வையாபுரியின் கழுத்து நரம்புகள் குழாய்களாக எழுந்தன. வாய் திறந்திருந்தது, காற்று போகவில்லை. மாதேஷ் பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டான். அவன் நெஞ்சும் பதில் சொன்னது. ஜன்னல் சாத்திய அறைக்குள் இரண்டு சீழ்க்கைகளும் ஒன்றையொன்று கூப்பிட்டன.

சமையலறையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். வையாபுரியின் மனைவி. "சட்டை! அந்தச் சட்டையோட யாரு உள்ள வரச் சொன்னது?" அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வெளியே விட்டாள். திரும்பிப் போய்ப் புருஷன் வாயில் இன்ஹேலரை வைத்து அழுத்தினாள்.

மாதேஷ் தெருவிலேயே நின்றான்.

வெகுநேரம் கழித்து ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது. வையாபுரியின் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஓய்ந்து வந்தது.

"தம்பி... உனக்கு எப்ப இருந்து கேக்குது?"

"மழைக்கு அப்புறமுங்க."

"சீக்கிரந்தான் வந்திருக்கே."

மாதேஷ் ஜன்னலிடமிருந்து தள்ளியே நின்றான். "அண்ணா, நீங்க எந்நேரமும் சீழ்க்கை அடிச்சுக்கிட்டே வேலை செய்வீங்கன்னு பட்டறையில சொல்றாங்க."

உள்ளே ஒரு சிரிப்பு கேட்டது. அது இருமலாக மாறி அடங்கியது.

"என்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க. சந்தோசமா இருக்கேன்னு நெனச்சாங்க." மூச்சு வாங்கினார். "தம்பி, எனக்குச் சீழ்க்கை அடிக்கவே வராது."

ஜன்னல் மூடிக்கொண்டது.

அந்த வாரமே மாஸ்டர் அவனைச் சேலத்தில் நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு சின்னக் குழாயைக் கொடுத்து, வேலை நாளிலும் லீவு நாளிலும் ஊதி வரச் சொன்னார். அந்த அளவுகளைப் பார்த்த பிறகு ஒளிக்காமல் சொன்னார். இது ஆஸ்துமா. ஹார்டனரால் வந்தது. இப்போதே விலகினால் நெஞ்சு தேற நிறைய வாய்ப்பு உண்டு. மருந்தைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றால் மருந்து தோற்கும்.

"நல்ல மாஸ்க் போட்டுக்கறேனுங்க" என்றான் மாதேஷ்.

"வர்றதுக்கு முன்னாடி போட்டிருக்கணும்பா. வந்த பிறகு உன் நெஞ்சுக்கு ஒரு துளி போதும்" என்றார் டாக்டர்.

மாஸ்டர் முதலாளியிடம் போனார். பையன்களுக்கு வெளிக்காற்று வரும் முகமூடியும், கொட்டகைக்குப் புகை இழுக்கும் விசிறியும் வரும்வரை ஹார்டனர் டப்பாவைத் திறக்க மாட்டேன் என்றார். முதலாளி சத்தம் போட்டார். ஒரு பையனுக்கு நெஞ்சு பலவீனம் என்றால் அதற்குப் பட்டறை என்ன செய்யும் என்றார். மாஸ்டர் ஸ்பிரே கன்னைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். பெயிண்ட் பூசாத லாரிகள் வரிசையாக நின்றன. சித்திரைக்கு முன் விசிறி வந்தது. முகமூடிகளும் வந்தன.

மாதேஷுக்கு ஊரின் மறுகோடியில் வண்டி ஒயரிங் கடையில் வேலை கிடைத்தது. பெயிண்ட் வாடை அந்தப் பக்கம் வராது. இருமல் போனது. படி ஏற முடிந்தது. சீழ்க்கை எப்போதாவது பனிக்காலத்தில் வந்து எட்டிப் பார்த்தது. கையின் ஏக்கம் மட்டும் ஆறவில்லை. சாலையில் போகும் ஒவ்வொரு லாரியின் முகப்பையும் பார்த்துக்கொண்டே நிற்பான்.

ஒரு நாள் பட்டறைப் பக்கம் வந்தான். உள்ளே வராமல் புளியமரத்தடியில் நின்றான். மாஸ்டர் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவரும் பத்தடி தள்ளியே நின்றார்.

"நல்லா இருக்கியா கண்ணு?"

"இருக்கேனுங்க." தரையைப் பார்த்தான். "ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளு."

"நீங்க எனக்கு முன்னாடி இருந்து அதே காத்தைத்தானே குடிக்கிறீங்க? உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே. அப்ப முதலாளி சொன்னது நெசந்தானுங்களா? கோளாறு என் நெஞ்சுலதானுங்களா?"

மாஸ்டர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். தார்ப்பாய் காற்றில் உப்பி, அடங்கியது.

"நான் சேர்ந்தப்போ இந்தக் கொட்டகை நிறைய ஆள் இருந்தோம்" என்றார். "என்னைவிட நல்லா அடிக்கிறவங்க இருந்தாங்க."

"அவங்கெல்லாம் எங்கீங்க மாஸ்டர்?"

"ஒண்ணும் ஆகாதவன்தான் கண்ணு மாஸ்டர் ஆகறான். ஏதாவது ஆனவங்களை நீ இங்க எப்படிப் பாப்பே?"