மூச்சு நின்ற குகை

திபெத்து மலை ஒன்றில் பேமா என்ற முயல் வாழ்ந்தது. அதன் தங்கை செரிங்கைப் பனிச்சரிவு மூடிவிட்டது. அன்றிலிருந்து பேமா எங்கே போனாலும் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. திரும்பினால் ஒருவரும் இல்லை. ஓடினால் சத்தமும் கூடவே ஓடி வந்தது. பேமாவுக்குப் புல் தொண்டையில் இறங்கவில்லை.

"துறவிகள் விட்டுப்போன குகையில் நோர்பு என்ற கரடி தியானம் சொல்லித் தருகிறது. உள்ளே போனவர்கள் யாரும் அப்புறம் அழுததில்லை" என்றது ஒரு காகம்.

"நீ போயிருக்கிறாயா?"

"வாசல்வரை போனேன். அதற்குமேல் கால் வரவில்லை."

பேமா போயிற்று. குகைக்குள் விலங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஓநாய்க்குப் பக்கத்திலேயே ஒரு மான். இமைகளில் உறைபனி. அத்தனை குளிரிலும் ஒரு வாயிலிருந்தும் ஆவி வரவில்லை.

"உட்கார். முதலில் பயத்தை விடு. பிறகு நினைவை விடு. கடைசியில் மூச்சையும் விட்டுவிடு" என்றது கரடி.

பேமா கண்ணை மூடியது. பின்னால் கேட்ட சத்தம் மெல்ல அடங்கியது. அப்பாடா என்றிருந்தது. பக்கத்து மானிடம் கிசுகிசுத்தது: "அக்கா, உங்களுக்குக் குட்டிகள் உண்டா?"

மான் வெகுநேரம் யோசித்தது. "இருந்திருக்கலாம்."

பேமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. செரிங்கின் ஒரு காது கிழிந்திருக்கும். எந்தக் காது? நினைவுக்கு வரவில்லை.

பேமா மூச்சை இழுத்தது. நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. விட்டது, மறுபடி இழுத்தது. சரிந்த பனி வந்தது, செரிங்கின் அலறல் வந்தது. கூடவே கிழிந்த இடது காதும் வந்தது. பின்னால் மீண்டும் அந்தச் சத்தம். இம்முறை பேமா ஓடவில்லை, காது கொடுத்துக் கேட்டது. அது பேமாவின் மூச்சேதான்.

"போகாதே, வெளியே வலிக்கும்" என்றது கரடி. அதன் வாயிலிருந்தும் ஆவி வரவில்லை.

"வலிக்கட்டும். அக்கா, நீங்களும் வாருங்கள்."

மான் அசையவில்லை. பேமா தனியாக வெளியேறி, தங்கை புதைந்த சரிவில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சாக விட்டபடி அழுதது. அழுது முடித்ததும் பசித்தது. பனியைக் கிளறிப் புல்லைக் கடித்தது.

துயரத்தோடு சேர்ந்து உட்காரத் தெரிந்தவருக்கே மன அமைதி கிட்டும்; துயரத்தைத் துடைத்தெறிய நினைப்பவர் அன்பையும் சேர்த்தே இழப்பார்.