டீக் கப்பில் ஏறிய கூர்

அக்கா செவந்தி சொன்ன இந்தக் கதையைத் தனராசு ஐம்பது வயது தாண்டியும் நம்பாமல்தான் இருந்தார்.

கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் அவள் குலை வெட்டிய காலம். அந்தக் கூலியில்தான் தம்பி தனராசு படித்தார். அவளுடைய வளைந்த மடக்குக் கத்தி லேசாக மழுங்கியது.

"மூணு நாளா நானே கல்லுல தீட்டியும் இன்னும் மோசமாத்தான் ஆச்சு. நாளைக்குக் கூரா வரணும். இல்லேன்னா மழுக்கினவ வீட்டுக்குப் போயிடணும்" என்றார் மேனேஜர் பரஞ்சோதி.

மறுநாள் செவந்தி ஒரே இழுப்பில் குலையை அறுத்தாள்.

"எந்தப் பட்டறையில தீட்டின?" என்றார் மேனேஜர்.

"வீட்டுல, டீக் கப்புலங்கய்யா."

"யாருகிட்ட கதை விடுற?"

அவருடைய பீங்கான் கப்பையே வாங்கிக் கவிழ்த்து, சொரசொரப்பான அடிவிளிம்பில் கத்தியின் உள்வளைவை இழுத்துக் காட்டினாள்.

"தட்டைக் கல்லு உள்வளைவைத் தொடாதுங்க. நுனியைத்தான் தேச்சுத் தள்ளியிருக்கு. மழுக்கினவங்க வீட்டுக்குப் போகணும்னீங்களே, கல்லு யாரு கையில இருந்துச்சு?"

தோட்டமே சிரித்தது. அதன்பின் அவளை யாரும் போகச் சொல்லவில்லை.

போன வாரம் தனராசு ஒரு கப்பைக் கவிழ்த்துத் தானே தீட்டிப் பார்த்தார். கத்தி தாளைச் சர்ரென்று அறுத்தது. உடனே போன் போட்டார்.

"அக்கா, என்னைப் படிக்க வச்ச கதையையே இத்தனை வருஷமா நான் நம்பலையே, உனக்கு என் மேல கோபமே வரலையா?"