வேலைநிறுத்தத்தன்று விழுந்த ஒளி

"முதல் அநீதி, சம்பளத்தில் மலைப்படியை வெட்டியது. இரண்டாவது, பனியில் ஏறுகிறவனுக்குக் கம்பளிக் கோட்டு கிடையாது என்றது. மூன்றாவது, கேட்டதற்காக என்னை வேலையிலிருந்து நீக்கியது. நான்காவது, வழக்கில் வென்று திரும்பியவனைப் பதினோரு வருடம் அதே பதவியில் வைத்திருந்தது. ஐந்தாவது, இன்று."

சங்கத் தலைவர் மாசிலாமணி மூச்சு வாங்கினார்.

அந்த மலை உச்சியில், விண்ணிலிருந்து விழும் கதிர்களைப் பிடிக்க நானூறு கருவிப் பெட்டிகள் இருந்தன. அவற்றைப் பராமரிப்பது அவருடைய ஆட்கள். அவர் அறிவியல் படித்தது துண்டுப் பிரசுரங்களில். மிச்சத்தை டாக்டர் அருள்விழியிடம் கற்றார். ஆசிரியர் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

"இன்னைக்கு என்ன, அண்ணே?"

"நெபுலாங்கிற விண்முகிலைப் பத்தின ஆராய்ச்சிக் கட்டுரை அச்சுக்குப் போகுது. அதுல ஒரு தொழிலாளி பேர்கூட இல்ல."

"ஒரு பேருக்கு இடம் வாங்கிட்டேன். ஒண்ணே ஒண்ணு. யாருன்னு நீங்களே கூட்டத்துல வாசிங்க. வாசிச்ச பேர் அச்சாகும்."

"என் பேரை நானே வாசிக்கிறதா? எனக்கென்ன வெட்கம்!"

அருள்விழி சிரித்தார். "அதுக்கு முன்னாடி பாடத்தைச் சொல்லுங்க."

"செத்த விண்மீன் ஒண்ணு. பல்சர். நொடிக்கு முப்பது சுத்து சுத்துது. அதுலேர்ந்து துகள் காத்து அடிக்குது. வெளியே இருக்கிற வாயுவுல முட்டுது. முட்டின இடத்துல துகளை இந்தப் பக்கம் தள்ளுது, அந்தப் பக்கம் தள்ளுது. தள்ளத் தள்ள வலு ஏறுது. மனுஷன் கட்டின எந்தத் துகள் முடுக்கியும் அதுக்குக் கிட்ட நிக்காது."

"அப்புறம்?"

"அந்தத் துகள் விடுற ஒளி ஏழாயிரம் வருஷம் பயணம் பண்ணி நம்ம பெட்டியில விழுது." நெஞ்சை நிமிர்த்தினார். "என்னையும்தான் தள்ளினாங்க, டாக்டரம்மா."

"இருக்கிறதுலயே வலுவான ஒளி என்னைக்கு விழுந்தது? அது இல்லேன்னா கட்டுரையே இல்ல."

அவருக்குத் தெரியவில்லை.

அருள்விழி தாளைத் திருப்பிக் காட்டினார்.

மார்ச் ஒன்பது.

"அன்னைக்கு நாங்க வேலைநிறுத்தம்."

"ஆமா."

"பெட்டி ஓடியிருக்காது. பேட்டரி மாத்த ஆளில்ல."

"ஓடியிருக்கு."

"அப்போ அன்னைக்கு எங்களை மீறி உள்ள போன அந்தக் கருங்காலி வேலை."

"வாசல்ல நின்னு அப்படித்தான் கத்தினீங்க. அதுக்கு முந்தின மாசம் அந்தப் பொண்ணு குருவம்மா சங்கத்துல சேர மனு கொடுத்துச்சே?"

"அது தினக்கூலி. தினக்கூலிக்குச் சங்கத்துல இடமில்ல. விதி."

"நிர்வாகம் போட்ட விதியா?"

மாசிலாமணி தாளிலிருந்த தேதியை மறுபடி பார்த்தார்.

"வெளிய நின்னு அன்னைக்கு அது யாரோட சேர்ந்து கோஷம் போட்டிருக்கணும், அண்ணே?"

கூட்ட அறையில் முப்பது பேர் இருந்தார்கள். ஆய்வு மையத்தின் இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தலைவரே, உங்க பேர் எங்களுக்கு மனப்பாடம். சட்டுன்னு வாசிங்க."

சிரிப்பு எழுந்தது.

மாசிலாமணி சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு, வாசல் கூட்டத்தில் பேசும் குரலை எடுத்தார்.

"தொழிலாளர் சார்பில், எங்கள் சங்கத்து உறுப்பினர், தோழர் குருவம்மாள்."