மதகில் நிற்கும் கல்

முதலில் தவறு செய்தவன் காரிநம்பி. கேட்கிறவர்களே, அதை மனதில் வைத்துக்கொண்டு கதைக்குள் வாருங்கள்.

மழை பொய்த்த நாடு ஒன்றில், பெரிய ஏரி ஒன்று வெட்டச் சொன்னார் ராஜா. ஐப்பசி மழைக்குள் முடிய வேண்டும். கண்காணி காரிநம்பி. மதகு கட்டும் கொத்தன் கொற்றன்.

கொற்றன் மழை நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டான். "ஐப்பசியில தண்ணி வரும். புரட்டாசி முழுக்க மதகு காயணும். ஆவணியில கட்டணும். அப்போ இந்த ஆனியிலேயே கடுக்காய்த் தண்ணி விட்டுச் சுண்ணாம்பை ஊறப்போடணும். ஆள் கொடுங்க, ஐயா."

காரிநம்பி சிரித்தான். "ஊறுகாயா போடுறே? ராஜா கண்ணுல படப்போறது கரைதான். குழிக்குள்ள கிடக்கிற மதகை யார் பார்க்கிறா? ஆளெல்லாம் கரைக்கு!"

ஆடி மாத உச்சி வெயில். வெடித்த தரையில் ஒருத்தி நடந்து வந்தாள். அவள் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. மதகுக் குழியைக் காட்டிக் கேட்டாள்.

"என் வாசல் ஆச்சா?"

"ஆகுது, தாயே" என்றான் காரிநம்பி. அவள் போன பிறகும் ஈரக் காலடிகள் காயவே இல்லை.

ஆவணியில் மறுபடி வந்தாள். சேலை முழுக்க நனைந்திருந்தது.

"என் வாசல் ஆச்சா?"

"ஆகுது, தாயே."

அப்புறம்தான் காரிநம்பிக்குப் பயம் பிடித்தது. ஊறாத சாந்தை அள்ளி அப்பி, மதகை அவசரமாக எழுப்பச் சொன்னான். கொற்றன் கரண்டியைத் தொட மறுத்தான்; கரை ஆட்களே கட்டி முடித்தார்கள்.

புரட்டாசிக் கடைசியில் ராஜா வந்தார். அவர் பின்னாலேயே அவளும் வந்தாள். அவள் நின்ற இடம் குட்டையானது.

"என் வாசல் ஆச்சா?"

"ஆச்சு!" என்றான் காரிநம்பி.

"ஆகலை. தொட்டா உதிரும். இன்னும் கொஞ்சம் பொறு, தாயே" என்றான் கொற்றன்.

காரிநம்பி கொற்றனை நோக்கிக் கையை நீட்டினான். "சோம்பேறி, மகாராஜா! சுண்ணாம்பு ஊறட்டும்னு உட்கார்ந்திருந்தவன். தாமதமெல்லாம் இவனாலே."

ராஜா கரையைப் பார்த்தார். உயரமாக, அழகாக இருந்தது. கொற்றனை ஊரைவிட்டுத் துரத்தினார்.

அவள் காரிநம்பியை மட்டும் பார்த்தாள். "ஆச்சுன்னு சொன்னவன் நீதானே?"

மழை இறங்கியது. எல்லைப் பாறையில் நின்று கொற்றன் பார்த்தான். மதகுச் சாந்து பால்போலக் கரைந்து ஓடியது. கீழே ஊர். காரிநம்பி அலறிக்கொண்டு ஓடி, உடைப்பில் முதுகைக் கொடுத்தான். நீருக்குள்ளிருந்து வெளுத்த கைகள் இரண்டு வந்து அவன் இடுப்பைச் சுற்றின. மழை விட்டபோது அங்கே உடைப்பை அடைத்துக்கொண்டு ஆள் உயரக் கல் ஒன்று நின்றது, வாய் திறந்தபடி.

ஏரி பிழைத்தது. ஊரார் கல்லுக்கு மாலை போட்டார்கள். "உயிரைக் கொடுத்து ஊரைக் காத்த புண்ணியவான். அந்தச் சோம்பேறிக் கொத்தன் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா இவர் செத்திருப்பாரா?" என்றார்கள்.

வருஷா வருஷம் கொற்றன் எல்லை தாண்டி வந்து கல்லின் எதிரே உட்காருவான். "பிழை என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, நம்பி. போயிடறேன்."

கல்லின் உதடு ஈரமாக அசையும். சத்தம் வராது. அந்த ஒரு வார்த்தை கொற்றனுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கெடு தெரிந்தால் அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, கண்ணுக்குத் தெரியாத வேலையை முதலில் தொடங்க வேண்டும் என்பதே நீதி.